மைனி எடுத்த மேசைகள்

குற்றாலத்தில் சீசனுக்கு வந்தவர்கள் எங்கள் மைனியின் கையில் காமிராவைப் பார்த்துவிட்டால் போதும், குடும்பத்தோடு வரிசையாக நின்றுவிடுவார்கள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் இழுத்து நிறுத்தி, "எங்களை ஒரு படம் எடுங்கம்மா" என்பார்கள். மைனி தலையை ஆட்டுவாள்.

"ஆளையெல்லாம் நான் எடுக்கதில்ல."

"பின்ன என்னத்த எடுப்பீங்க?"

"மேசை."

ஒருமுறை ஐந்தருவிப் பக்கம் மதுரைக்காரர் ஒருவருக்கு இதைக் கேட்டு ரோஷமே வந்துவிட்டது. "மேசையை விட நாங்க மோசமாவா இருக்கோம்?" என்று முணுமுணுத்தபடி போய், ஒரு தட்டைப் பாறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தார். மைனி அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள். அவர்கள் எழுந்து போனதும் விறுவிறுவென்று பாறைக்கு முன்னால் போய் நின்றாள். பாறையில் அவர்கள் உட்கார்ந்த இடமெல்லாம் ஈரத்திட்டாக இருந்தது. ஓரத்தில் ஒரு மாங்கொட்டை, பிள்ளை விட்டுப்போன ரிப்பன் ஒன்று. காமிராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு டக்கென்று தட்டினாள்.

"இதும் மேசைதான் ஏட்டி. காலு மட்டும் இல்ல."

"அவுக இருக்கும்போதே எடுத்திருந்தா அவுகளுக்காவது சந்தோசமா இருந்திருக்கும்லா" என்றேன்.

"ஆளு இருந்தா எல்லாரும் ஆளத்தான் பாப்பாவ. எந்திச்சுப் போன பொறவுதான் யாரு வந்தாவ, யாரு போனாவன்னு மனசு தேடும்."

எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. தென்காசியிலிருந்து பஸ் பிடித்து, சாரலில் நனைந்து, ஒரு பாறையை எடுப்பதற்கா இத்தனை பாடு என்று. இப்போது சாரல் காற்று அடித்தால் அந்தப் பாறை நினைவு வருகிறது. பாறையோடு அவள் நினைவும் வருகிறது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் அங்கே பிறந்தவள். அது நம் பக்கம் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பேச்சுக்குப் பேச்சு 'பின்னே' என்பாள். கோபம் வந்தால் 'எந்தா' என்று ஆரம்பிப்பாள். தவசத் தராசும் சாக்குமாகக் கிடக்கும் எங்கள் தானியக் கடை வீட்டுக்கு அவளோடு ஒரு மேசையும் வந்தது. அவள் அப்பாவுக்கு மர டிப்போவில் வேலை. மகளுக்கென்று நல்ல பலாமரமாகப் பார்த்து எடுத்துச் செய்வித்திருந்தார். மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி அது பளிச்சென்று இருந்தது.

அப்பாவுக்கு மேசை பிடிக்கவில்லை. "மேசையில உக்காந்து திங்கதுக்கு நாம என்ன தொரமாரா?" என்றார். அம்மா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே அதன் மேல் ஒரு உளுந்து மூட்டையையும் இரண்டு ஊறுகாய் ஜாடியையும் ஏற்றி வைத்தாள். மைனி அவற்றை இறக்கி வைத்தாள். அம்மா மறுபடி ஏற்றினாள். இப்படி ஏற்றுவதும் இறக்குவதுமாக எங்கள் வீட்டில் ஒரு மௌனப் போர் நடந்தது.

போரில் அண்ணன் மைனி கட்சி. ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து வந்தவன் நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்தான். மைனி பரிமாறினாள். "நீயும் எதுத்தாப்ல உக்காரு" என்றான். எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவோம். மைனி அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வரை அம்மா கையில் பாத்திரங்கள் பட்ட பாடு தெரு முழுக்கக் கேட்டது.

அண்ணன் பினாங்குக்குக் கப்பல் ஏறும் வரை அவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, அதிகம் பேசாமல், அவன் தட்டில் அவள் கை வைப்பதும் அவள் தட்டில் அவன் கை வைப்பதுமாக. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போவேன்.

பினாங்கில் தென்காசிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் வேலை. சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். வருஷங்கள்தான் வந்தன. இடையில் ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டிக் காமிரா ஒன்றைக் கொடுத்து விட்டிருந்தான். வீட்டில் எல்லோரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னானாம். அப்பா சலவை வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, காலையிலேயே தயாராகிவிட்டார். அம்மா கல் வைத்த தோட்டைப் போட்டுக்கொண்டாள். மைனி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நானும் அவளும் மேசையை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வெயில் விழும் புறவாசலுக்குக் கொண்டுபோனோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தட்டு நிமிர்ந்திருந்தால் யாரோ இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். அடுக்களையை ஒழிக்கும் முன்னால் அம்மா தட்டுகளைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள். மைனி மேசையின் ஒரு பக்கம் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். எதிர்ப்பக்கம் அண்ணன் தட்டை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அதை எடுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி எடுத்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கம் நின்றும் எடுத்தாள்.

"எங்கள எப்பம்மா எடுக்கப் போற?" என்றார் அப்பா, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி.

"ரோலு தீந்துட்டு மாமா" என்றாள். தீரவில்லை. எனக்குத் தெரியும்.

அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மைனி, ஒம்மொகத்தப் பாக்கணும்னு அண்ணனுக்கு இருக்காதா?"

"இருக்கட்டும். மொகத்த அனுப்பிச்சா ஒரு தடவ பாத்துட்டு, நல்லாயிருக்காவன்னு பெட்டியில வச்சிப் பூட்டிருவாரு. பின்னே எதுக்கு வரணும்? காலித் தட்ட அனுப்பிச்சா சாப்பிட உக்காரும்போதெல்லாம் உறுத்தும்லா."

இதுதான் அவள். கெஞ்சி ஒரு வரி எழுத மாட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டாள். மேசையை எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். வீட்டு மேசை அலுத்தபோது ஊர் மேசைகளை எடுத்தாள். குற்றாலத்தில் ரம்புட்டான் விற்கும் பலகை, டீக்கடைக்காரர் துடைத்துவிட்டுப் போன ஈர மேசை, ஆற்றங்கரைப் படித்துறையின் அகலக் கல். எதிலும் ஆள் இருக்கக்கூடாது. ஆள் இருந்து போன அடையாளம் மட்டும் இருக்க வேண்டும்.

இதனால் ஒரு கூத்தும் நடந்தது. மேசைப் படங்கள் தொடர்ந்து வருவதைப் பினாங்கு முதலாளி பார்த்திருக்கிறார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்து அனுப்பினால் மனுஷன் என்ன நினைப்பார்? ஊருக்கு வந்த ஒருவர் எங்கள் கடையில் ஆள் நிறைந்திருக்கும்போது வந்து, "அண்ணாச்சி, மேசையக் குடுக்கதா இருந்தா மொதலாளியே எடுத்துக்கிடுதாராம். அவுக தென்காசி வீட்டுக்கு வேணுமாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். வீட்டுச் சாமானை விற்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போயி ஒழுங்கா ஒரு படம் எடுத்து அனுப்பணும். ஆளு படம்" என்றார்.

போனோம். ஸ்டுடியோவில் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை தொங்கியது. அதற்கு முன்னால் மூன்று கால் டீப்பாய் ஒன்று, மேலே காகிதப் பூ. தென்காசியிலிருந்து மாப்பிள்ளை வீடுகளுக்குப் போகும் படங்களில் பாதிப் பெண்கள் அந்த டீப்பாயில்தான் கை வைத்து நிற்பார்கள். என் படத்திலும் அதே டீப்பாய்தான். மைனி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "காலு அழகா வளஞ்சிருக்கு" என்றாள்.

"கைய அது மேல லேசா வைங்க. அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தார், மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மைனி சாவகாசமாக நகர்ந்துபோய்விட்டாள். படத்தில் டீப்பாய் இருந்தது, காகிதப் பூ இருந்தது, ஓரத்தில் ஒரு சேலை முந்தானை புகை மாதிரிக் கலைந்து போனது. அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவளோ படத்தைப் பார்த்து, "நல்லா விழுந்திருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் படம் என்று என்னிடம் இருப்பது அந்த முந்தானை ஒன்றுதான்.

அவள் ஆசைப்பட்டு, சரியாக வராமல் போன படமும் ஒன்று உண்டு. எங்கள் மேற்கு மலைகளில் ஒரு மலைக்கு மட்டும் உச்சி கிடையாது. மேலே தட்டையாக இருக்கும். அதற்கு ஊரில் என்ன பெயரோ, மைனிக்கு அது பெரிய மேசை. சாரல் நாளில் அதன் மேல் மேகம் வந்து விரிப்பு மாதிரி மூடும். கொஞ்ச நேரத்தில் யாரோ சுருட்டி எடுத்த மாதிரி விலகிவிடும்.

"சின்ன வயசுல எங்க வீட்டு மெத்த மாடியில நின்னு இதத்தான் பாப்பேன். ஒங்க அண்ணன் இங்கன நின்னு பாத்திருப்பாரு. அப்பமே எதுத்தாப்ல எதுத்தாப்ல உக்காந்துதான் இருந்திருக்கோம், தெரியாம" என்றாள்.

அதை எடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேகம் இருந்தால் வெயில் இல்லை. வெயில் வந்தால் மேகம் இல்லை. ஒருநாள் இரண்டும் கூடி வந்தது. ஆற்றுப் பாலத்தில் நின்று எடுத்தாள். கழுவி வந்த படத்தில் ஒரே வானம். அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ ஒரு கறுப்பு. ஸ்டுடியோக்காரர், "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். மைனி வெளியே வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. அழுமூஞ்சி அல்ல அவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

அந்த வருஷம்தான் பினாங்கிலிருந்து இன்னொருவர் வந்தார். பிஸ்கட் டின்னும் தலைவலித் தைலமும் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா காப்பி கொடுத்து, எம்பிள்ளை எப்படி இருக்கான், வேளாவேளைக்குச் சாப்பிடுதானா என்று கேட்டாள். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்கென்ன குறச்ச? சாப்பாட்டுக்கு அங்கனயே ஒரு வீடு அமைஞ்சிட்டுல்லா. சமைச்சுப் போட ஆளு இருக்கு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீய."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கதவுக்குப் பின்னால் மைனி நின்றிருந்தாள். அவர் போனதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மைனி என்னைக் கூப்பிடாமல் தானே மேசையைப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கடை அறைக்குள் போனாள். உளுந்து மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். புளிப்பானை, ஊறுகாய் ஜாடிகள், காலி எண்ணெய் டின்கள், கிழிந்த சாக்கு என்று ஒவ்வொன்றாக ஏற்றினாள். கை வைக்கக்கூட இடமில்லாமல் நிறைத்தாள். இத்தனை வருஷமாக அதே மேசையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் அம்மா பதறி ஓடிவந்தாள்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி. பாக்கவே நல்லால்ல. ஒரு தட்டு வைக்கவாவது எடம் விடு தாயி!"

"எந்தா அத்த? எடம் வேணும்னு நெனைக்கவுக வந்து எறக்கட்டும்."

காமிராவை வயிற்றோடு பிடித்தாள். அவள் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். படமும் அதே மாதிரி வந்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. "ஆடிப் போச்சேம்மா. வேற ஒண்ணு எடுத்துருவமா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஆடுனது தெரியட்டும் அண்ணாச்சி" என்று வாங்கி, அப்படியே தபாலில் சேர்த்துவிட்டாள்.

தபாலாபீசிலிருந்து வந்த கையோடு மேசையை உள்ளே கொண்டுபோய், எல்லாவற்றையும் இறக்கி, ஈரத் துணியால் துடைத்து, அண்ணன் தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளால் அவ்வளவுதான் கோபப்பட முடிந்தது.

பிறகு வீடு முழுக்க ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா மேசையில் ஒரு மிளகாய் வற்றலைக்கூட வைக்கவில்லை. அப்பாகூட, "தபால் போயிச் சேந்திருக்கும்லா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வந்தால் வருகிறான், வராவிட்டால் இவள் கதி என்ன என்பதுதான் எங்கள் எல்லோர் மனசிலும் இருந்தது.

சீசன் தொடங்கி முதல் சாரல் விழுந்த காலையில் அண்ணன் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்து, கறுத்து, கையில் டிரங்குப் பெட்டியோடு வந்தான். தடுமாறி எழுந்த அப்பாவிடம்கூடப் பேசாமல் நேரே உள்ளே போனான். மேசைக்கு முன்னால் போய் நின்றான். பலா மஞ்சள் அதற்குள் கறுத்துச் சிவந்திருந்தது. அது காலியாக இருந்தது. ஒரே ஒரு தட்டு.

"எடமே இல்லாத மாரி அனுப்பியிருந்த?" என்றான்.

"அது படம்லா" என்றாள் மைனி. "கையக் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

அவன் உட்கார்ந்தான். அவள் பரிமாறப் போனபோது அம்மா அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இன்னொரு தட்டைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் வைத்தாள். "நீயும் உக்காரு, நான் போடுதேன்" என்றாள். அந்தப் பினாங்கு வீட்டைப் பற்றி மைனி கேட்டாளா, அண்ணன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். அவன் தட்டில் இவள் கை போனதை மட்டும் பார்த்தேன்.

அண்ணன் வர வேண்டும் என்று அவளோடு சேர்ந்து நானும் அத்தனை வருஷம் வேண்டிக்கொண்டேன். வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அவ்வளவு மனசோடு வேண்டியிருப்பேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அவள் சேலைகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். காமிராவை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். தென்காசி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரு படம் எடுத்து வச்சிட்டுப் போயிருக்கலாம்லா மைனி. ஒம்மொகம் இருக்கது மாரி."

"எதுக்கு ஏட்டி? ஒரு தடவ பாத்துட்டுப் பெட்டியில வச்சிப் பூட்டவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டி நகர்ந்ததும் அவள் பார்வை என்னை விட்டு மேற்கே, மலைப்பக்கம் போனது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அம்மா படுத்துவிட்டாள். எனக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், அம்மா எழுந்தால் கல்யாணம் என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மேசை கிடந்த இடத்தில் கிடந்தது. நான் தினமும் துடைப்பேன், ஆனால் அதில் உட்கார்ந்து சாப்பிட மனசு வராது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் மத்தியானம் என் பெயருக்குப் பினாங்கு தபால் ஒன்று வந்தது. என் பெயருக்குத் தபால் வருவதே அபூர்வம். உள்ளே எழுத்து ஒன்றுமில்லை. ஒரே ஒரு படம். வட்டமான சலவைக்கல் மேசை. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. நடுவில், செம்புத் தண்ணீருக்குப் பக்கத்தில், மூன்றாவதாக ஒரு தட்டு நிமிர்ந்திருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ. கடல் தாண்டி நான் எங்கே போக? படுத்திருக்கும் அம்மாவை யார் பார்ப்பது? நான் வரமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கென்று தட்டை நிமிர்த்தி வைத்திருந்தாள். பினாங்கில் உட்கார்ந்து அண்ணன் இதைத்தானே வருஷக்கணக்காகப் பார்த்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. கல்யாணமாகிச் சுரண்டைக்குப் போனபோது வேறு சீர் எதுவும் வேண்டாம் என்று சொல்லி அந்தப் பலா மேசையைத்தான் கேட்டு வாங்கிப் போனேன்.

படம் வந்த அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுக்களை மேல் பலகையில் மைனியின் தட்டு அவள் வைத்துவிட்டுப் போனபடியே கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து மேசையில் நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தேன். படுக்கையில் கிடந்த அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு ஏட்டி இன்னும் சாப்பிடல?"

மேசையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன். படம் எடுத்து அனுப்ப வீட்டில் காமிராதான் இல்லை.